கவாத்து கிள்ளிய நாற்பத்தொரு பூக்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடம். கொல்லைப்பக்கம் போனேன். முப்பது ஸ்ட்ராபெரிச் செடிகள். முந்தின சாயங்காலம் நான் எண்ணி வைத்த நாற்பத்தொரு வெள்ளைப் பூக்களில் ஒன்றுகூட இல்லை. பாத்தி ஓரத்தில் கத்தரியோடு கவாத்து நின்றிருந்தார்.

எங்கள் ஊர் கோம்பையில் அவர் கத்தரிக்குத் தப்பியவை மின்கம்பங்கள் மட்டும்தான். திராட்சைக் கொடியை வெட்டிவிடுகிற வேலைக்குக் கவாத்து என்று பெயர். வேலையே அவருக்குப் பேராகிவிட்டது. நாற்பது வருடம் பந்தலுக்கு அடியில் அண்ணாந்து நின்றதில் கழுத்து அப்படியே நிலைத்துவிட்டது. எதிரே வருகிறவரை விட்டுவிட்டு மாடியில் துணி காயப்போடுகிறவரிடம் நலம் விசாரிப்பார். நீட்டிக்கொண்டிருக்கும் எதையும் விடமாட்டார். ஒரு கல்யாண வீட்டு வாசலில் கட்டியிருந்த வாழைமரங்களுக்கும் காற்றோட்டம் வேண்டும் என்று இலைகளை எடுத்துவிட்டார். மாப்பிள்ளை வந்து இறங்கியபோது இரண்டு பக்கமும் வெறும் தண்டு நின்று வரவேற்றது.

அப்படிப்பட்டவரை நான் ஏன் கூப்பிட்டேன்? என் மகள் கயலுக்காக. சென்னையில் பார்த்த கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, நம் ஊரிலேயே ஸ்ட்ராபெரி போடப்போகிறேன் என்றாள். மண் கிளறவா படிக்க வைத்தேன் என்று கேட்டுவிட்டேன். அன்றே கிளம்பி, காந்தலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் தொழில் கற்கப் போய்விட்டாள். இரண்டரை மாதமாக அப்பாவுக்கு மட்டும்தான் போன். எனக்கும் அவளுக்கும் பேச்சில்லாதது கவாத்துக்கும் தெரியும். அந்த ஞாயிறு பத்தரை மணி பஸ்ஸில் வருவதாக இருந்தாள். மன்னிப்புக் கேட்க ஆசிரியைகளுக்கு வராது. பூத்த பாத்தியைக் காட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

பாத்தி போடுவதற்கே இரண்டு நாள் வழக்கு. கவாத்து நாலு கல்கால் நட்டுக் கம்பி இழுக்கவேண்டும் என்றார்.

"பழம்னா தலைக்கு மேல தொங்கணும் டீச்சர். காலடியில கெடந்தா அது கெழங்கு."

கடைசியில் ஒரு முழ உயரத்துக்கு மேட்டுப்பாத்தி என்று சமாதானம் ஆனது. செம்மண், மணல், மக்கிய ஆட்டு எரு, தேங்காய் நார்க்கழிவு. நடுக்குருத்து மண்ணுக்குள் போகக்கூடாது என்று நான் படித்ததைச் சொன்னேன். ஒவ்வொரு செடிக்கும் தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்தார். குனிய அவருக்கு வராது.

அதற்கு முன் ரகம் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தபோது, கொட்டை உள்ளதா இல்லாததா என்றார். போனில் படத்தைக் காட்டினேன். விதையெல்லாம் தோலுக்கு மேல் இருப்பதைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்படி வெட்கங்கெட்ட பழத்தைத் தன் ஆயுளில் பார்த்ததில்லையாம். ஆனால் கேமரோசாவா விண்டர் டானா என்று நான் தவித்தபோது கேட்டது ஒரே கேள்வி: "எது முந்திக் காய்க்கும்? நம்ம குளிரு தையோட போயிரும்." விண்டர் டான் வந்தது. ஒரு செடிகூடப் பட்டுப்போகவில்லை. பூத்தது. அப்புறம்தான் அந்த ஆறு பத்து.

"என்ன செஞ்சீக?"

"பூவை எடுத்துட்டேன் டீச்சர்."

"எல்லாத்தையுமா?"

"அம்புட்டையும்." பாராட்டை எதிர்பார்த்து நின்றார்.

இருபது வருடமாக வகுப்பில் அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வந்தது. கடைசியாக, இனி என் வாசப்படியை மிதிக்காதீர்கள் என்றேன். கத்தரியை மடக்கி இடுப்பில் செருகினார். குனியாத அந்தத் தலை குனிந்ததை அன்றுதான் பார்த்தேன்.

பத்தரைக்குக் கயல் வந்தாள். என்னைப் பார்க்காமல் நேரே கொல்லைக்குப் போனாள். பாத்தியைச் சுற்றி ஒரு நடை. மண்ணைக் கிள்ளி முகர்ந்தாள். கிள்ளிய காம்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"அம்மா."

இரண்டரை மாதத்தில் முதல் சொல்.

"மொதப் பூவை எடுக்கணும்னு யாரு சொன்னது? விட்டிருந்தா நாலு சுண்டைக்கா பழத்தோட செடி அசந்துரும். இப்ப வேர் புடிச்சுத் தை மாசம் கொத்துக் கொத்தா வரும். எங்க தோட்டத்துலயே சில பேருக்கு இது தெரியாதும்மா."

இளங்கொடியில் முதல் குலையை எடுப்பது திராட்சைக்காரர் வழக்கம். கவாத்து இதை இரண்டு மூன்று முறை என்னிடம் சொல்ல வந்திருக்கிறார். நான்தான் பூ எண்ணிக்கொண்டிருந்தேன். அழுகையும் சிரிப்புமாக மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உடனே கவாத்தைக் கூப்பிட்டுவரக் கணவரை அனுப்பினேன். வெறுங்கையோடு திரும்பினார். படி மிதிக்கவேண்டாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார்களாம், வரமாட்டாராம்.

நாலு மணிக்குக் கொல்லை வேலிப்பக்கம் நறுக் நறுக்கென்று சத்தம். நான் ஆறு வருடமாக வளர்த்த மருதாணி வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு வாசல் திறந்தது. அதன் வழியாகக் கவாத்து வந்தார். படியை மிதிக்கவில்லை. பாத்தியையும் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்தபடி என் மகளிடம் கேட்டார்:

"ஏத்தா கயலு, டீச்சர் ஒன்கிட்டப் பேசிட்டாகளா?"