முன்சக்கரத்தில் மாட்டிய ரோஸ் ரப்பர் பேண்டு

தூத்துக்குடி,
சனிக்கிழமை இரவு, கொசுவலைக்குள்.

பேரன்பும் மரியாதையும் உள்ள ஃபிராங்க்ளின் மாமா அவர்களுக்கு,

உங்கள் தங்கை மகள் ஜெஸ்லின் தோத்திரம் சொல்லி எழுதுவது. நீங்களும் உங்கள் கப்பலும் கப்பலின் இன்ஜினும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். இங்கே அப்பா சுகம், நான் சுகம், அம்மா இடுப்பைத் தவிர மற்ற இடமெல்லாம் சுகம். அந்த இடுப்புக்குக் காரணம் நீங்கள்தான் என்பதை மரியாதையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

வீட்டில் இருப்பது அம்மாவின் போன் ஒன்றுதான். அதில் நான் எழுதுவதை அம்மா படிப்பாள், பிறகு அப்பாவுக்குச் சத்தமாக வாசித்தும் காட்டுவாள். அதனால்தான் டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு பேனாவால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். நாளைக் காலை பக்கத்து வீட்டு ரோச் அண்ணன் உங்கள் கப்பலில் வேலைக்குச் சேரப் புறப்படுகிறார். அவரிடம் அம்மா கொடுத்துவிடும் மக்ரூன் டப்பாவில், அடிப் பேப்பருக்குக் கீழே இந்தக் கடிதம் இருக்கும். படித்ததும் கடலில் போட்டுவிடுங்கள். டப்பாவை அல்ல.

போன கிறிஸ்துமஸுக்கு அப்பாவின் ஹெரால்டு காருக்கு முன்பக்கம் மாட்ட இங்கிலாந்திலிருந்து காயில்ஓவர் இரண்டு அனுப்பினீர்களே, ஸ்பிரிங்குக்கு நடுவிலேயே ஷாக் அப்சார்பர் உட்கார்ந்திருக்குமே, அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகமும் இருந்தது. மச்சான் அனுப்பிய புத்தகத்தில் கிரீஸ் பட்டுவிடக் கூடாது என்று அப்பா அதைத் திறந்துகூடப் பார்க்காமல் பீரோவில் என் ஞானஸ்நானச் சர்டிபிகேட்டோடு வைத்துப் பூட்டிவிட்டார். அந்த ஷாக்கில் ஒரு திருகு இருக்கிறது மாமா. திருப்பினால் டிக் டிக் என்று இருபது டிக் வரை போகும், போகப் போக ஷாக் இறுகும். மாட்ட வந்த மெக்கானிக் மாசானம் நியாயமாகத்தான் கேட்டார், "எத்தன டிக்கு வைக்க அண்ணாச்சி?" என்று. அப்பா சொன்னார்: "ஏலே, மச்சான் கடல் தாண்டி அனுப்புன சாமான். இருபது இருக்குன்னா இருபதும் வைக்கணும். மிச்சம் வச்சா அவரு என்ன நினைப்பாரு?"

அதோடு நிற்கவில்லை. "மூஞ்சி தரையப் பாத்து நின்னாத்தான் அண்ணாச்சி ரேஸ் காரு" என்று மாசானம் ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையத்தையும் முழுக்கக் கீழே இறக்கி, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போதே எல்லா போல்ட்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கி முடித்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டு வண்டி வண்டியாக இல்லை. ரோட்டில் கிடக்கும் புளியங்கொட்டை கூட எங்கள் முதுகுத்தண்டில் தெரியும். துறைமுக ரோட்டு ஸ்பீட் பிரேக்கரில் அம்மாவின் கொண்டை கூரையில் போய் முட்டும். ஆனால் நீங்கள் வீடியோ காலில் கேட்டால் அப்பா, "கப்பல் கணக்கா மிதக்கு மச்சான்!" என்பார். அம்மா போனுக்குப் பின்னால் நின்று இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பாள். நீங்களும் அதை நம்பிப் பின்பக்கத்துக்கும் ஒரு செட் அனுப்புவதாகச் சொன்னீர்கள். தயவுசெய்து அனுப்ப வேண்டாம் மாமா. எங்களிடம் இருப்பது ஆளுக்கு ஒரு முதுகுதான்.

இடுப்பு போனாலும் அம்மா பொறுத்திருப்பாள். மக்ரூன் போனதுதான் பொறுக்கவில்லை. அம்மா மக்ரூன் சுட்டு ஆர்டருக்குக் கொடுப்பது உங்களுக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை ஆலந்தலையில் ஒரு ஞானஸ்நான வீட்டுக்கு நூற்றிருபது மக்ரூன் இந்த வண்டியில்தான் போனது. அங்கே போய்த் திறந்தால் டப்பா நிறைய முந்திரிப் பவுடர். "ஏளா, முழுசா எத்தன இருக்குன்னு எண்ணு" என்றாள் அம்மா. பதினொன்று என்றேன். அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "இஞ்ச பாருங்க. ஒண்ணு இந்த வண்டி போகணும், இல்லன்னா நான் போகணும். எங்கண்ணன் கப்பல்ல எடம் இருக்கும்." அப்பா இரண்டு நாள் வண்டியை எடுக்கவில்லை. மூன்றாம் நாள், உடன்குடிக் கருப்பட்டி வியாபாரி தாணுலிங்கம் அண்ணாச்சி வண்டியைப் பார்க்கச் சனிக்கிழமை வருகிறார் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அன்று ராத்திரி அப்பா கொட்டகைக்குப் போய் வண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் ஒரு அழுக்கும் இல்லை.

அதைப் பார்த்த பிறகுதான் மாமா நான் ஒரு பாவத்தைச் செய்தேன். பத்து வயதில் நான் ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு வண்டி கோழிக்கூட்டில் போய் நின்றது ஞாபகம் இருக்கும். இனி வண்டியில் கை வைக்க மாட்டேன் என்று அன்றைக்கு மாதா படத்துக்கு முன்னால் அப்பா என்னிடம் சத்தியம் வாங்கினார். மீறினால் கொட்டகைப் பக்கமே வரக்கூடாது என்றும் சொன்னார். எனக்கு வீட்டிலேயே பிடித்த இடம் கொட்டகைதான். ஆகவே அப்பாவின் பழைய சாக்ஸ் இரண்டைக் கையில் மாட்டிக்கொண்டுதான் எல்லாம் செய்தேன். சத்தியம் கைக்குத்தான். சாக்ஸுக்கு இல்லை.

பீரோ சாவி அந்தோணியார் சுரூபத்துக்கு அடியில் இருந்தது. புத்தகத்தை எடுத்து, அகராதியை வைத்துக்கொண்டு மூன்று முறை படித்தேன். ஷாக்கின் தண்டில் ஒரு வளையம் கட்டி, கீழே தள்ளிவிட்டு, வண்டியை ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். ஷாக் எவ்வளவு தூரம் அமுங்கியதோ அவ்வளவு தூரம் வளையம் மேலே ஏறி நின்றுவிடுமாம். என்னிடம் தலையில் போடும் ரோஸ் ரப்பர் பேண்டுதான் இருந்தது. வெட்டி, ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவே விரலை விட்டு முடிச்சுப் போட்டேன் (இதற்கு மட்டும் சாக்ஸைக் கழற்றினேன். மாதா மன்னிப்பாள்). மாசானத்தின் விரல் அங்கே நுழையவே நுழையாது. புதன்கிழமை அப்பா கோயிலுக்கு ஓட்டிப் போய் வந்ததும் பார்த்தால், ரப்பர் பேண்டு உச்சியில் இருக்கும் கறுப்பு ரப்பர் கட்டையோடு நசுங்கிக் கிடக்கிறது! அமுங்க இடமே இல்லாமல் ஒவ்வொரு குழிக்கும் வண்டி அந்தக் கட்டையில் போய் இடித்திருக்கிறது. நான் அங்கேயே உட்கார்ந்து சிரித்துவிட்டேன்.

அப்பா துறைமுகத்தில் வேலைக்கு இருந்த வியாழன், வெள்ளி இரண்டு மத்தியானமும் பள்ளியில் வயிற்றுவலி என்று சொல்லி வந்துவிட்டேன். ஹெரால்டுக்கு பானெட்டைத் தூக்கினால் முன்பக்கம் முழுவதும் முதலை வாய் போலத் திறந்துகொள்ளும், எல்லாம் கைக்கு எட்டும். ஜாக்கி போட்டு, மரக்கட்டை அண்டை கொடுத்து, ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையத்தை மேலே ஏற்றி ஷாக் அமுங்க இடம் உண்டாக்கினேன். இருபது டிக்கை எட்டு டிக்காகக் குறைத்தேன். போல்ட்டுகளைத் தளர்த்தி, சக்கரங்களைத் தரையில் இறக்கி, வண்டியின் பாரம் முழுவதும் அதன்மேல் உட்கார்ந்த பிறகே மறுபடி முறுக்கினேன். தொங்கும்போது முறுக்கினால் போல்ட்டைச் சுற்றி உள்ளே இருக்கும் ரப்பர் குழாய், புஷ் என்பார்கள், முறுக்கிக்கொண்டே கிடக்குமாம். புத்தகத்தில் ஏழாம் பக்கத்தில், கட்டம் போட்டு எழுதியிருக்கிறது. பிறகு ரப்பர் பேண்டை மறுபடி தண்டின் அடிக்குத் தள்ளிவிட்டு, கையைக் கழுவி, சாக்ஸை ஒளித்துவைத்து, வயிற்றுவலியோடு படுத்துக்கொண்டேன். அப்போது உண்மையாகவே வலித்தது. ஓட்டிப் பார்க்க வழியில்லையே!

இன்றைக்குத் தாணுலிங்கம் அண்ணாச்சி வந்தார். அவரை ஏற்றி உடன்குடி வரை ஓட்டிக் காட்டுவதாகப் பேச்சு. போகும் வழிதானே என்று ஆலந்தலைக்கு ஆர்டர் எண்பது மக்ரூனை அவர் மடியில் வைத்தாள் அம்மா. நான் பின்சீட்டில் ஜெபமாலை சொல்லிக்கொண்டு வந்தேன், சக்கரம் மட்டும் கழன்றுவிடக் கூடாது என்று. முதல் ஸ்பீட் பிரேக்கர் வந்தது. அப்பா, அம்மா, நான் மூவரும் பழக்கத்தில் இடுப்பைத் தூக்கிக்கொண்டோம். வண்டி ஏறியது, இறங்கியது, குலுக்கல் ஒன்றும் வரவில்லை. தூக்கியதைத் திரும்ப வைக்க மூவருக்கும் வெட்கமாக இருந்தது.

"என்ன வே, மெத்தையில போற மாதிரில்லா இருக்கு!" என்றார் அண்ணாச்சி. "நான் எடுத்துக்கிடுதேன்."

"விக்கல அண்ணாச்சி" என்றார் அப்பா.

"நேத்து விக்கேன்னீரே?"

"நேத்து வரைக்கும் ஸ்பிரிங்கு பழகல. இப்பத்தான் பழகியிருக்கு."

"பழகிட்டுல்லா, அப்போ தாரும்!"

"விக்கலன்னா விக்கல" என்று பின்சீட்டிலிருந்து சொன்னது அம்மா! ஆலந்தலையில் எண்ணினோம். எழுபத்தெட்டு முழுசு. மற்ற இரண்டும் முழுசாகத்தான் அண்ணாச்சி வயிற்றுக்குள் போயிருந்தன.

திரும்பி வந்து, சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தேன். ரப்பர் பேண்டு கறுப்புக் கட்டைக்கு இரண்டு விரற்கடை கீழேயே நின்றிருந்தது. அதை வெட்டி எடுக்கக் கத்தரியை நீட்டும்போது, "ஏளா, அங்கன என்ன பாக்க?" என்று அப்பா வந்துவிட்டார். டயரில் காற்று பார்க்கிறேன் என்றேன். அண்ணாச்சி கண் பட்டுவிட்டது என்று கொட்டகைக்குப் புதுப் பூட்டுப் போட்டு, சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார். மாதாமாதம் முதல் ஞாயிறு சக்கரத்தைக் கழற்றிக் கழுவுவார், வருகிற மாதமும் கழுவுவார். ரப்பர் பேண்டைப் பார்ப்பார். அதோடு எனக்குக் கொட்டகை இல்லை. ஆகவே மாமா, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். அடுத்த வீடியோ காலில், அந்தக் கம்பெனிக்காரர்கள் ரோஸ் நிறத்தில் ஒரு வளையம் மாட்டித்தான் அனுப்புவார்கள் என்று அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

வேறு விசேஷம் இல்லை. சாயங்காலம் மாசானம் வந்து, "அன்னைக்கு நான் முறுக்குன முறுக்கு அப்படி அண்ணாச்சி!" என்றார். அப்பா ஆமாம் என்றார். அம்மா அவருக்கு ஒரு டப்பா மக்ரூன் கொடுத்தாள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. மாதா உங்களையும் கப்பலையும் நல்ல கரை சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள மருமகள்
ஜெஸ்லின்

பின்குறிப்பு: மடித்துவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. மாசானத்துக்கு ஒரு டப்பா மாமா! முழுசு! மேலே கேட்ட பொய்யைச் சொல்ல வேண்டாம். ரப்பர் பேண்டு ஜெஸ்லினுடையது என்றே அப்பாவிடம் சொல்லுங்கள். நம்பாவிட்டால் காட்ட, அதன் ஜோடியை இதோடு வைத்திருக்கிறேன், ஒரு அட்டைக்கு இரண்டு வரும். ஏழாம் பக்கத்தையும் படிக்கச் சொல்லுங்கள். பின்பக்கத்து செட்டையும் அனுப்புங்கள், ஆனால் பெட்டியின்மேல் என் பெயரை எழுதுங்கள். அடுத்தவர் பெயருக்கு வந்த பெட்டியை அப்பா பிரிக்க மாட்டார். நான்தான் பிரித்து மாட்ட வேண்டும், அதற்கு அவர் எனக்குக் கொட்டகையைத் திறந்துவிட்டாக வேண்டும்.