ரோஸ்மேரி என்றால் ஜின், புதினா என்றால் சும்மா

பதற்றம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு வேர்த்துக் கொட்டும். எனக்கு வாய் திறந்துவிடும். மூளை வந்து சேர்வதற்குள் அது எல்லாவற்றையும் சொல்லி முடித்திருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில், வெளிநாடு வந்து லின்ஃபீல்டில் இருந்தோம். என்னோடு வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர், தன் தோட்டத்து இலைகளைப் பறித்து நசித்து, ஜின் மதுவோடு கொக்டெயில் கலந்து தந்தார். அன்று பிடித்தது பைத்தியம். வீட்டுக்குப் பின்னால் புதினாவும் ஊசி இலை ரோஸ்மேரியும் நட்டேன். கீரை கடையும் மத்தால் இலைகளை இடித்தேன். (அந்தக் கிழமை முழுக்க எங்கள் கீரை ஜின் மணத்தது. என் மனைவி வசந்தி அதைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.)

அந்த நேரம் பார்த்து, எங்களோடு நெருங்கிப் பழகிய சிவா அண்ணையின் மகளுக்குப் பக்கத்து எப்சமில் ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. இரண்டு வீட்டாரும் எங்கே சந்திப்பது என்று யோசித்தார்கள். "எங்கட வீட்டிலையே வையுங்கோவன்" என்றேன். நல்ல மனசெல்லாம் இல்லை. மாப்பிள்ளையின் தகப்பன் அளவாகக் குடிப்பவர் என்று கேள்வி. என் கொக்டெயிலுக்கு ஒரு ரசிகர் தேவைப்பட்டார்.

சிவா அண்ணை அப்போது குடியை விட்டிருந்தார். விடுவதற்கு முன் அவர் இருந்த நிலை அவர் மனைவிக்கும், அவரை டொக்டரிடம் காரில் கொண்டுபோன எனக்கும் மட்டுமே தெரியும். ஆகவே திட்டம் போட்டேன். கிளாசில் ரோஸ்மேரிக் கிளை நின்றால் ஜின். புதினா மிதந்தால் வெறும் தேசிக்காய்ச் சாறு. என்ன மூளை!

கிளாஸ்களை நிரப்பித் தட்டில் வைத்துவிட்டு ஐஸ் எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் தட்டு வெறுமையாக இருந்தது. முன்னறையில் எல்லார் கையிலும் கிளாஸ். எல்லாவற்றிலும் புதினா.

"ரோஸ்மேரி எங்கையப்பா?"

"அந்த விளக்குமாத்து ஈர்க்கோ?" என்றாள் வசந்தி. "சம்பந்தம் கதைக்க வந்த சனத்துக்கு உந்த ஈர்க்கையே குடுக்கிறது? எடுத்தெறிஞ்சுபோட்டு எல்லாத்துக்கும் புதினா போட்டனான். வடிவா இருக்கெல்லே?"

சிவா அண்ணை கிளாசை உதட்டுக்குக் கொண்டுபோனார்.

மெல்லக் கிட்டப் போய்க் காதில் சொல்லியிருக்கலாம். தடுக்கி அவர்மேல் விழுந்திருக்கலாம். ஒரு பாட்டுப் பாடியிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் கத்தினேன்.

"அண்ணை, குடிக்காதேங்கோ! ஒரு சொட்டுப் பட்டாலும் திரும்பப் பழையபடி தொடங்கியிடுமெண்டு டொக்டர் சொன்னவரெல்லே!"

அதோடும் நிற்கவில்லை. பாய்ந்து கிளாசைப் பறித்தேன். பாதி என் சட்டையில், மீதி மாப்பிள்ளையின் தாயுடைய சேலையில்.

மாப்பிள்ளையின் தகப்பன் தன் கிளாசை மெதுவாக மேசையில் வைத்தார். "பழையபடி எண்டா?"

சிவா அண்ணை என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"தம்பி, அது பைப் தண்ணி. நானே குசினியிலை பிடிச்சுக்கொண்டு வந்தனான். வசந்தி பிள்ளை அதுக்கும் புதினா போட்டிட்டுது."

யாருடைய இலையையும் நம்பாமல் தன்னைப் பார்த்துக்கொள்ள அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. என்னிடமிருந்து தப்பத்தான் தெரியவில்லை.

சாதகம் பொருந்தவில்லை என்று எப்சமிலிருந்து சொல்லியனுப்பினார்கள். (வரும்போது பொருந்தியிருந்த அதே சாதகம்.) சிவா அண்ணையின் மகள் நெடுநாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. பிறகு மெல்பேர்னில் அவளுக்கு நல்ல வாழ்க்கை அமைந்தது. அதில் என் பங்கு ஒன்றும் இல்லை. அதனால்தான் அமைந்தது என்பாள் வசந்தி.

இன்றைக்கும் எந்த வீட்டில் கூடினாலும், என் முன்னால் யாராவது ஒரு தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினால் போதும். எதைக் கேட்டாலும் இங்கிலீஷில் பதில் சொல்லும் பிள்ளைகள்கூட, "அண்ணை, குடிக்காதேங்கோ!" என்று சுத்தத் தமிழில் கத்துவார்கள். வீடே சிரிக்கும். சிவா அண்ணையும் சிரிப்பார், மற்றவர்கள் சிரிக்கத் தொடங்கிக் கொஞ்ச நேரம் கழித்து.