தோல் ஆறும்வரை இரண்டு வார்த்தை

நகரத்தில் கிராமிய ஆட்டம் எங்கே நடந்தாலும், ஆடுகிறவர்களுக்கு முன்பே மேடையேறிவிடும் ஓர் உயிரினம் உண்டு. அதற்கு விளக்கவுரையார் என்று பெயர். கைத்தறிச் சட்டை, தோளில் சணல் பை, கையில் மைக். அந்த மைக்கைக் கொடுத்தது யாரென்று இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை. "ரெண்டே ரெண்டு வார்த்தை" என்றுதான் தொடங்குவார். முதல் வார்த்தை 'மண்'. இரண்டாவதற்கு வந்து சேர்வதற்குள் நமக்குக் காது புளித்துவிடும்.

போன வாரம் எங்கள் தெருமுனை மண்டபத்தில் ஆட வந்தவள், பகலெல்லாம் தையல் ஆலையில் காலர் தைக்கிற பெண். "ஆட்டமாவது பாட்டாவது" என்று வருஷக்கணக்கில் முகம் சுளித்த மாமியாரை, எப்படியோ தாஜா பண்ணி, அன்றைக்குத்தான் முன்வரிசையில் உட்காரவைத்திருந்தாள். எட்டு மணிக்கு மண்டபத்தைப் பூட்டிவிடுவார்கள். மேளக்காரர் வாசலில் நெருப்பு மூட்டி, தோல் விறைக்கும்வரை மேளத்தைக் காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் அடித்துவிட வேண்டுமே என்று மேடைக்கு ஓடிவந்தால், விளக்கவுரையார் கையை உயர்த்தி நிறுத்தினார். மண், வேர், உழைப்பு, மறுபடியும் மண். அவர் முடித்தபோது மேளம் நனைந்த அட்டை மாதிரி தொப்பென்றது.

"ஐயா, தோல் தளர்ந்துபோச்சு. மறுபடி காய்ச்சணும்" என்றார் மேளக்காரர்.

"தாராளமா காய்ச்சுங்க. அதுவரைக்கும் நான் ரெண்டு வார்த்தை பேசிட்டிருக்கேன்."

புரிகிறதா? பேசுவதால் மேளம் ஆறுகிறது. மேளம் ஆறியதால் பேசுகிறார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடவேண்டுமே!

மாமியார் கொட்டாவி விட்டார். "ஆட்டம்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தியே, பிரசங்கமால்ல இருக்கு?" மருமகளுக்கு அழுகை முட்டியது. எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாவது முறை காய்ச்சப் போன மேளக்காரர் உள்ளே திரும்பவில்லை. காவலாளி சாவிக்கொத்தைக் குலுக்க ஆரம்பித்திருந்தார். அப்போது வாசலிலிருந்து கணீரென்று ஓர் அடி. தோலின் பதம் பார்க்க அடித்ததுதான். அவ்வளவு போதுமே! அவள் மேடையிலிருந்து குதித்து ஓடி, ஸ்கூட்டர்களுக்கு நடுவே ஆடத் தொடங்கிவிட்டாள். மண்டபமே எழுந்து வாசலுக்கு விரைந்தது. முதலில் எழுந்தது மாமியார்.

விளக்கவுரையார் எல்லாரையும் முந்திக்கொண்டு மைக்கோடு ஓடிவந்தார். வயர் வாசல்வரைதான் எட்டியது. அங்கேயே வழியை மறித்து நின்றுகொண்டு, "இந்த அடியோட தத்துவம் என்னன்னா..." என்றார்.

"தம்பி, ஒண்ணு ஆடு, இல்லேன்னா நகரு" என்றார் மாமியார். "என் மருமக தெரியல."

நன்றாகச் சிரிக்கிறீர்கள். சரி, அடுத்த முறை மேளச் சத்தம் கேட்கும்போது கவனியுங்கள்: உங்களுக்கு முதலில் அசைவது காலா, வாயா? அவ்வளவு தூரம் போவானேன்? இதைப் படித்த கையோடு பக்கத்தில் இருப்பவரிடம் "இதுல என்ன சொல்ல வர்றாங்கன்னா..." என்று நீங்கள் ஆரம்பித்திருந்தால், கையைக் கொஞ்சம் பாருங்கள். மைக் வந்திருக்கும்.