வேலாயுதம் சந்தில் நான் வாசித்த இரங்கலுரை

தெருவுக்கு ஒருவர் பெயரை வைக்க வேண்டுமென்றால் அவர் முதலில் செத்திருக்க வேண்டும் என்று இருபத்திரண்டு வயதுவரை நான் உறுதியாக நம்பியிருந்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. நானாகவே கண்டுபிடித்தது. (என் வாழ்க்கையின் பெரிய தவறுகள் எல்லாமே நானாகக் கண்டுபிடித்தவைதான்.)

அப்போது மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் நகராட்சி அலுவலகத்தில் சின்னக் கிராணியாக, அதாவது நகல் எழுதும் குமாஸ்தாவாக இருந்தேன். தெருப்பெயர்ப் பட்டியலைப் பிரதி எடுப்பது என் வேலை. அதில் இருந்தவர்கள் கவர்னர்கள், கப்பல் முதலாளிகள், தோட்டத் துரைகள். ஒருவர் விடாமல் கல்லறைக்குப் போய்ச் சேர்ந்தவர்கள். எங்கள் ஜனம் அந்தப் பெயர்களைச் சட்டை செய்வதில்லை. சரக்குக் கிட்டங்கி இருந்தால் கிட்டங்கித் தெரு, படகோட்டும் படவுக்காரர்கள் இருந்தால் படவுக்காரத் தெரு. அப்படி அவர்கள் வாயில் பல வருஷமாகப் புழங்கிய 'வேலாயுதம் சந்து' என்ற பெயரைக் கடைசியில் அலுவலகமும் ஏற்றுக்கொண்டது.

"ஞாயித்துக்கிழமை அந்த லோரோங்குல பேர்ப் பலகை மாட்டுறாங்க தம்பி. நீ தமிழ்ல நாலு வார்த்தை பேசிடு. தண்ணி வண்டிக்காரங்களுக்குத் தலைவர் அந்த வேலாயுதம். சொந்த நிலத்துல ஊருக்குக் கிணறு வெட்டிக் குடுத்தவரு" என்றார் பெரிய கிராணி. (லோரோங் என்றால் மலாயில் சந்து.)

அலுவலகத்திலிருந்து அந்தச் சந்து கால் மணி நேர நடை. ஒரு நடை போய் விசாரித்திருக்கலாம். நான் போகவில்லை. மூன்று சாயங்காலம் உட்கார்ந்து இரங்கலுரை எழுதினேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

ஞாயிற்றுக்கிழமை கிணற்றைச் சுற்றிச் சந்து நிறைய ஜனம். முன்வரிசையில் பிரம்பு நாற்காலியில் சால்வை போர்த்திய கிழவர் ஒருவர், பக்கத்தில் அவர் மனைவி. கிழவர் கழுத்தில் மாலை வேறு. இறந்தவரின் தம்பியாக இருக்கும் என்று முடிவு கட்டினேன். அவரைப் பார்த்தே ஆரம்பித்தேன்: "ஓ வேலாயுதனாரே! எங்களைத் தவிக்கவிட்டு எவ்வுலகம் ஏகினீர்?"

கூட்டம் அசையவில்லை. என் சொல்வளத்தில் சொக்கிப்போய்விட்டார்கள் என்று நினைத்துக் குரலை உயர்த்தினேன். கிழவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "பூவும் பொட்டும் இழந்து நிற்கும் அவர்தம் இல்லாளுக்கு யார் ஆறுதல் சொல்வது?" என்ற இடத்தில், அந்த அம்மாள் தாலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்.

"ஏய் தம்பி, நிறுத்துலா! இவருதான் வேலாயுதம்!" என்று யாரோ கத்தினார்கள்.

பத்து நாள் முன்னால்தான் அவர் ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்திருந்தார். மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு அந்த அம்மாள் மீட்டு வந்த உயிரை நான் அடுக்குமொழியில் வழியனுப்பிக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் என்னை நோக்கி வந்தார்கள். (தூக்கிக் கிணற்றில் போடத்தான். நியாயமும் அதுதான்.)

கிழவர் கையைத் தூக்கினார்.

"விடுங்கப்பா. இந்தக் கிணறு தோண்டையில மண்ணு சரிஞ்சு, எங்கூட வேலை செஞ்ச மருதனும் சவரிமுத்தும் உள்ளயே போயிட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் அவங்களுக்கு யாரும் ஒரு வார்த்தை பேசல. தம்பி, எம் பேரை எடுத்துட்டு அவங்க பேரைப் போட்டுப் படி."

படித்தேன். சந்து முழுக்க அழுதது. நானும் அழுதேன். பிறகு பலகையின் மேலிருந்த துணியை விலக்கினார்கள். அதில் அவர் பெயர் மட்டும்தான் இருந்தது. கிழவர் அதை நிமிர்ந்து பார்க்கவேயில்லை.

அந்த அம்மாள் என்னை லேசில் விடவில்லை. சொன்ன வாயாலேயே மாற்றிச் சொல்ல வேண்டும் என்று வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்கு வரவழைத்து, கிழவர் முன்னால் நிறுத்தி, "நூறு வயசு இருப்பீங்க" என்று சொல்ல வைத்தார். சொன்னால்தான் சாப்பாடு. ஏழு வருஷம் சொன்னேன். இடையில் எனக்குக் கல்யாணமாகி, என் மனைவியும் கூட வந்து நின்று சொன்னாள். இன்றைக்கும் நான் யாரையாவது பாராட்டிப் பேசக் கிளம்பினால் அவள் வாசலில் வழிமறிப்பாள்: "ஆளு இருக்காரா இல்லையான்னு போய்ப் பாத்துட்டீங்களா?" பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரிக்கும்.

பிள்ளைகளுக்குச் சொல்லாத பகுதி ஒன்று உண்டு. எட்டாவது வருஷம் ஒரு காலையில் என்னைக் கூப்பிட ஆள் வந்தது. ஓடினேன். கிழவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் என்னை ஏறிட்டுப் பார்த்தார். நெற்றியில் பொட்டு இன்னும் இருந்தது.

"வா தம்பி, பேசு" என்றார். "இந்தத் தடவை ஒண்ணும் தப்பு இல்ல."