மாசிலாமணி படுத்துப் பார்த்த மெத்தை

ஒரு காட்டில் ஓர் ஆஸ்பத்திரியும், அதைவிட நான்கு மடங்கு பெரிய கருவிப் பாதுகாப்பு அலுவலகமும் இருந்தன. ஆஸ்பத்திரிக்கு ஒரே டாக்டர், பூவாத்தா என்ற பெண் கரடி.

ஒருநாள் வெள்ளச்சி என்ற முயலின் ஒடிந்த காலைச் சேர்த்துத் தைத்தாள் பூவாத்தா. மயக்கத்தில் உடம்பு குளிர்ந்துவிடக் கூடாதே என்று, புதிதாக வந்த மின்சாரச் சூட்டு மெத்தையில் கிடத்தினாள். கால் மணி நேரத்தில் கருகல் வாடை. தூக்கிப் பார்த்தால் முதுகெல்லாம் கொப்புளம். பூவாத்தாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் மெத்தையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். அங்கே அதிகாரி மாசிலாமணி என்ற எருமை.

"ஐயா, இது ஒரு முயலை வேக வெச்சிருச்சு."

"வாய்ப்பே இல்லம்மா. நானே படுத்துப் பார்த்துத்தான் முத்திரை குத்தினேன். நல்லா தூக்கம் வந்துச்சு."

"உங்க தோலும் முயல் தோலும் ஒண்ணா? மனுஷங்க கருவிக்கெல்லாம் எவ்வளவு சூடு, எத்தனை நிமிஷம்னு விதி இருக்காமே?"

"அவங்களுக்கு முந்நூறு விதி. நமக்கு ஒரே விதி, என் முதுகு."

மெத்தையில் குறையில்லை, முயலின் தோல்தான் தரத்துக்குக் கீழே இருக்கிறது என்று எழுதிக் கையில் கொடுத்தார்.

பூவாத்தா ஆஸ்பத்திரிக்குத் திரும்பி மெத்தையை மூலையில் கடாசினாள். அந்த வாரமே அடைமழை. ஒருநாள், அன்று காலையில்தான் பிறந்த குட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு மான் ஓடிவந்தாள். குட்டி விறைத்துக் கிடந்தது.

"டாக்டரம்மா, கண்ணே திறக்க மாட்டேங்குது!"

பூவாத்தா யோசிக்கவில்லை. தரையில் மல்லாந்து படுத்து, குட்டியை வயிற்றின் மேல் போட்டு, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். மூக்கில் ஈ உட்கார்ந்தபோதுகூட அசையவில்லை. பொழுது சாய்வதற்குள் குட்டி காதை ஆட்டியது. பிறகு அவள் ரோமத்தைப் பிடித்துச் சப்பத் தொடங்கியது. இரண்டு பெண்களும் சேர்ந்து அழுதார்கள்.

செய்தி பரவி, மூன்றாம் நாள் மாசிலாமணியே வந்தார். பாராட்டத்தான் வருகிறார் என்று பூவாத்தா எழுந்து நின்றாள்.

"குட்டிக்குச் சூடு குடுத்த கருவி எது?"

"நான்தான் ஐயா."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளைச் சுற்றி வந்தார். "முத்திரையைக் காணோமே. அணைக்கிற பொத்தான் எங்கே?"

"ஐயா, நான் கரடி."

"பொத்தான் இல்லை" என்று எழுதிக்கொண்டார். "திடீர்னு சூடு ஏறினா உன்னை எப்படி நிறுத்துறது?"

"இப்பவே ஏறிக்கிட்டுத்தான் இருக்கு ஐயா" என்றாள் பூவாத்தா, பல்லைக் கடித்துக்கொண்டு.

அதையும் எழுதிக்கொண்டார்: சூடு கட்டுப்பாட்டில் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் பூட்டு விழுந்தது. முத்திரையில்லாத கருவியால் பிழைத்தபடியால் மான்குட்டி பிழைத்தது செல்லாது என்று கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள். தாய் மான் அதைக் கிழித்து மென்று விழுங்கிவிட்டு, குட்டியோடு காட்டைவிட்டே கிளம்பினாள். பூவாத்தாவும் மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தாள்.

நீதி: உயிரைக் காப்பாற்ற ஆசைப்படுகிறவர்கள், முதலில் தங்கள் உடம்பில் அணைக்கும் பொத்தான் ஒன்றைப் பொருத்திக்கொள்ளவும்.