மிசாவுக்குப் பை கட்டிய ஜெயசிங்

"ஜெயசிங் யார்கூடப் பழகுதாரு, குடிப்பாரா, எப்ப வீட்டுக்கு வாராருன்னு ஒரு கறுப்புக் கண்ணாடிக்காரர் கேட்டுட்டுப் போறாருவே!" என்றார் எதிர்க்கடை பிச்சையா.

துறைமுக ஆபீஸ் கிளார்க் ஜெயசிங் சட்டென்று கடைக்குள் புகுந்து அரிசி மூட்டைக்குப் பின்னால் குனிந்தார். எமர்ஜென்சி காலம். போன வாரம்தான் தூத்துக்குடி ஸ்டேஷனில், "லேட்டாக் கெளம்புத ரயிலை நம்பி வந்தேன். எமர்ஜென்சின்னு சொல்லி அதையும் நேரத்துக்கு விட்டுத் தொலைச்சிட்டானுவ!" என்று இலங்கைக்கே கேட்கும்படி கத்தியிருந்தார்.

"மிசாதான் அண்ணாச்சி! காரணமே சொல்லாம உள்ள தூக்கிப் போடுத சட்டம். யார் கேட்டாலும் என்னைத் தெரியாதுன்னுருங்க."

"எதிர்வீட்டுக்காரனைத் தெரியாதுன்னா எவன்வே நம்புவான்?"

"எம் உசுரு உங்க வாயிலதான் இருக்கு!"

தெரு முழுக்கச் சத்தியம் வாங்கினார். மறுநாள் கறுப்புக் கண்ணாடி வந்தபோது பால்காரர் தெரியாது என்றார். தபால்காரரே தெரியாது என்றார். கோயிலில் மணியடிப்பவர், அப்படி ஒரு பேரையே கேட்டதில்லை என்றார். இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை சொன்ன பேதுருகூட இவ்வளவு உறுதியாக மறுதலிக்கவில்லை. அன்று கூவிய சேவல் இங்கே கூவாததுதான் குறை.

அடுத்த நாள் இரண்டு கறுப்புக் கண்ணாடிகள் வந்தன.

ஜெயசிங் வாசற்கதவு தெரியாதபடி அரசாங்கத்தின் இருபது அம்சத் திட்டச் சுவரொட்டி ஒட்டினார். ஸ்டேஷனுக்கு ஓடி, "ரயில்னா இதுல்லா ரயிலு!" என்று கூவிவிட்டு வந்தார். கூட்டம் கூடியதுதான் மிச்சம். கூட்டத்துக்குப் பின்னால் அதே இரண்டு கண்ணாடிகள்.

இனி தப்பமுடியாது என்று மஞ்சள் பையில் வேதாகமம், துண்டு, பல்பொடி எல்லாம் எடுத்து வைத்தார்.

"மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் துப்பில்ல, ஜெயிலுக்குப் போக மட்டும் இம்புட்டு ஏற்பாடா?" என்றாள் மனைவி ஞானபாய்.

"ஏளா, என் கவலையே அதுதான். மிசாக்காரன் மகளை எவன் கட்டுவான்?"

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தால், வாசலில் கார். கறுப்புக் கண்ணாடிக்காரர் இறங்கினார். ஜெயசிங் விலங்குக்கு வசதியாக இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார்.

"என்னைக் கூட்டிட்டுப் போங்கய்யா. எம் மக ஜெயசெல்வியை மட்டும் விட்டுருங்க!"

வந்தவர் அந்தக் கைகளில் ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்தார்.

"அவளைக் கூட்டிட்டுப் போகத்தான வந்திருக்கோம், சம்பந்தி! எங்க பையன் சி.ஐ.டி.யில இருக்கான், ஒரு சொல்லுகூட வெளிய கசியாத தெருவுலதான் பொண்ணெடுப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கான்."