பட்டாளம் போகட்டும் என்ற ஜெனரல் பாய்

உலகத்தில் எங்கே சண்டை மூளப்போகிறது என்பதை அழுக்குத் துணியைப் பார்த்தே சொல்லக்கூடிய ஒரே மனிதர், குவைத்தில், ஃபஹாஹீலில், எங்கள் ரூமில்தான் இருந்தார். டி.வி. நிபுணர்கள் கோட்டு மாட்டிக்கொண்டு வருவதற்கு இரண்டு நாள் முன்பே அவர் சொல்லி முடித்திருப்பார்.

நாங்கள் வைத்த பெயர் ஜெனரல் பாய். கீழக்கரைக்காரர். பாலைவனத்தில் முகாம் போட்டிருந்த வெள்ளைக்காரப் பட்டாளத்தின் யூனிஃபார்ம்களைத் துவைத்துக் கொடுக்கும் லாண்டரியில் இஸ்திரி போடுவது வேலை. மூட்டை அதிகம் வந்தால் புது ஆட்கள் இறங்கியிருக்கிறார்கள். திடீரென்று குறைந்தால் எங்கேயோ கிளம்பிவிட்டார்கள். அவருடைய உளவுத்துறை அவ்வளவுதான். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அந்தப் பட்டாளத்தின் சட்டைக்குக் கத்தி மாதிரி மடிப்பு வைத்துக்கொண்டே, அது ஊரைப் பார்க்கப் போய்ச் சேர வேண்டும் என்று ஐந்து வேளையும் துஆ கேட்டவர் அவர். காரணம் இருந்தது. எங்கோ குண்டு வைத்த எவனுக்கோ இவருடைய பெயர். அதனால் ஒவ்வொரு லீவுக்கும் இவரை ஏர்போர்ட்டில் ஓரமாக உட்கார வைப்பார்கள். ஒருமுறை விசாரித்த அதிகாரியின் காலர் கறைக்கு வைத்தியம் சொல்லிவிட்டு வந்தாராம்.

விவாதம் வெள்ளிக்கிழமை மதியம் நடக்கும். சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவது அவர் ஊர் வழக்கம். மற்றவர் முடிக்காமல் யாரும் எழக் கூடாது. பாய் பேசிக்கொண்டே மெதுவாகச் சாப்பிடுவார். நாங்கள் கை காய்ந்து உட்கார்ந்திருப்போம்.

“தம்பி, தீவிரவாதி நடத்துறது ஒரு கடை. ‘பாரு, அந்நியன் நம்ம மண்ணுல நிக்கிறான்’னு காட்டித்தான் ஆள் சேர்க்கிறான். பட்டாளம் போயிட்டா கடையில சரக்கு ஏது?”

எதிர்க்கட்சி செல்வம். அரியலூர் பக்கம். அதே லாண்டரியில் வாஷிங் மெஷின் பார்ப்பவன்.

“வேற சரக்கு எறக்குவான் பாய். ‘நாங்கதான் வெரட்டுனோம்’னு மார் தட்டி இன்னும் நாலு பேரச் சேப்பான். பட்டாளம் இல்லாத ஊர்ல குண்டு வெடிக்கலையா?”

“வெடிக்குது. சாகுறதும் பள்ளிக்குத் தொழப் போனவன்தான். முழுசா ஒழியும்னா சொன்னேன்? பாதி கொறையும். மிச்சத்துக்கு முஸ்லிம்கள் நாங்கதான் பதில் சொல்லணும். அதுக்குப் பட்டாளம் உதவாது.”

“அதோட நம்ம வேலையும் கலாஸ். அதையும் சொல்லுங்க.”

“போகட்டும். சோத்தத் தின்னு.”

ஒரு மாதம் மூட்டைகள் பாதியாகக் குறைந்தன. பட்டாளம் வாபஸ் என்று பாய் அறிவித்துவிட்டார். பில்டிங் முழுக்க வட்டிலாப்பம் கொடுத்தார். இனிப்பே தொடாத கீழ்வீட்டு எகிப்துக்காரர்கூட விஷயம் புரியாமல் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த வாரம் லாண்டரி மானேஜர், ஊருக்கு அனுப்பப்போகும் மூன்று பேரின் பட்டியலை ஒட்டினார். முதல் பெயர் செல்வம். வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஊரில் அவன் மகள் நர்ஸிங் முதல் வருடம் சேர்ந்திருந்தாள். அன்றைக்கு அவன் சுவரைப் பார்த்துப் படுத்தவன் சாப்பிடவே எழவில்லை.

பாய் மறுநாள் காலை மானேஜரிடம் போய், செல்வம் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதச் சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். சொன்ன காரணம் இது: “துஆ கேட்டது நான். அது பலிச்சதுக்கு அவன் ஏன் ஊருக்குப் போகணும்?” இப்படி ஒரு காரணத்தை அந்த மானேஜர் அதற்கு முன் கேட்டிருக்க மாட்டார்.

மூன்று நாள் கழித்து மூட்டை ஏற்றும் டிரைவர் உண்மையைச் சொன்னான். பட்டாளம் ஓர் அடிகூட நகரவில்லை. பாதித் துணியை வேறு லாண்டரிக்குக் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். செல்வம் ரூமுக்கு ஓடி வந்தான்.

“பாய், பட்டாளம் எங்கயும் போகல. உங்க துஆ பலிக்கவே இல்ல. நானே போறேன். பேர மாத்துங்க.”

பாய் பெட்டியை மூடிவிட்டுத் திரும்பினார்.

“போகலையா? பட்டாளம் போய்ப் பாக்காம என் கட்சி தோத்துடுச்சுன்னு நீ சொல்ல முடியாதுல்ல?”

“வெளையாடாதீங்க பாய்.”

“புள்ளையப் படிக்க வைடா. எனக்கு அஜ்மான்ல மச்சான் கடை இருக்கு. கூப்பிட்டுக்கிட்டே இருக்கான்.”

அஜ்மானில் அவருக்குக் கடையும் இல்லை, மச்சானும் இல்லை என்பது அவர் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஊரில் ஒரு வருடம் சும்மா இருந்துவிட்டு, இப்போது ஜித்தாவில் ஷரஃபியா பக்கம் இஸ்திரி போடுகிறார்.

பட்டாளம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. போனால் தீவிரவாதம் பாதி குறையுமா, குறையாதா, எனக்குத் தெரியாது. செல்வத்துக்குச் சந்தேகமே இல்லை. “பாய் சொன்னது தப்புதாண்ணே” என்று இன்றைக்கும் ஆரம்பிப்பான். சொல்லிக்கொண்டே மகளின் ஃபீஸ் ரசீதைப் போட்டோ எடுத்து ஜித்தாவுக்கு அனுப்புவான்.